யாழ்ப்பாணத்து வைத்தியசாலைக் கட்டடத்தைப் பூமியதிர்ச்சிக்கு ஏற்றதாகத் திருத்தியமைத்தல்: ஒரு பதில்

நீங்கள் எழுதியிருப்பதன் சுருக்கம் இதுதான். யாழ்ப்பாண நகரை அண்டிய மூன்று தள வைத்தியசாலை. பிரதான பகுதி 1980களின் தொடக்கத்திலும் பின்பகுதி 1990களிலும் கட்டப்பட்டவை. கீழ்த்தளத்தின் முன்பாதி அம்புலன்சும் வாகனங்களும் நிற்பதற்காகச் சுவரின்றித் திறந்திருக்கிறது. இப்போது நான்காவது தளமொன்றை எழுப்ப நிருவாகக் குழு எண்ணியிருக்கிறது. அதற்கு முன் கட்டடத்தைப் பூமியதிர்ச்சிக்கு ஏற்றவாறு திருத்த வேண்டுமா, வெளிநாடுகளில் செய்வதுபோல, நிலத்தின் அதிர்வு மேலே ஏறுவதைக் குறைக்கும் றப்பர் தாங்கிகளை அடியில் பொருத்தலாமா, நோயாளரை வெளியேற்றாமலே வேலையைச் செய்ய முடியுமா என்பவை உங்கள் கேள்விகள். திருத்துவது அவசியம், றப்பர் தாங்கிகள் வேண்டியதில்லை, விடுதிகளைப் பகுதி பகுதியாக மாற்றி வேலையைச் செய்யலாம் என்பது என் கருத்து. ஆனால் நான்காவது தளம் குறித்து நீங்கள் கொண்டிருக்கும் எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

'எங்கள் ஊரில் பூமி எப்போது ஆடியது?' என்று உங்கள் குழுவில் ஒருவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். இலங்கை தட்டுகளின் விளிம்பில் இல்லை. இந்தோ-அவுஸ்திரேலியத் தட்டின் உட்பகுதியில் இருக்கிறது. ஆனால் தட்டின் உட்பகுதி அசையாத பகுதி என்று பொருளில்லை. 1615 ஏப்ரலில் கொழும்பைத் தாக்கிய அதிர்ச்சியில் சுமார் 2000 பேர் இறந்ததாக அக்காலப் போர்த்துக்கேயக் குறிப்பொன்று கூறுகிறது. 2001 செப்ரெம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஏறத்தாழ 5.5 அளவுள்ள அதிர்ச்சி ஏற்பட்டது. 2020இன் பிற்பகுதியில் கண்டி மாவட்டத்தின் திகன, ஹாரகம பகுதிகளில் சிறு அதிர்வுகள் அடுத்தடுத்துப் பதிவாகின. இவை எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகப் படுவது மகாராட்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்து நிகழ்வு. 1993 செப்ரெம்பர் 30 அதிகாலை கில்லாரியில் 6.2 அளவுள்ள அதிர்ச்சி சுமார் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் வரையான உயிர்களைக் கொண்டுபோனது. அந்த இடம் அன்றைய இந்திய நில அதிர்வு வரைபடத்தில் ஆகக் குறைந்த ஆபத்துள்ள முதலாம் வலயத்தில் இருந்தது. 2002இல் அந்த வரைபடத்தைத் திருத்தியபோது முதலாம் வலயம் என்ற பிரிவையே நீக்கிவிட்டார்கள். சென்னையும் இரண்டிலிருந்து மூன்றாம் வலயத்துக்கு உயர்ந்தது.

ஆகவே யாழ்ப்பாணத்துக்கு யப்பானின் அளவுகோல் வேண்டாம். சென்னைக்கு வகுத்த அளவுகோலைக் கொண்டு கணித்தால் நாம் பாதுகாப்பான பக்கத்தில் நிற்போம். இலங்கையில் பல பத்தாண்டுகளாகக் கட்டடங்களை வடிவமைக்கப் பயன்பட்ட பி.எஸ். 8110 என்ற பிரித்தானிய நியமத்தில் பூமியதிர்ச்சிக்குரிய ஏற்பாடு எதுவும் இல்லை. உங்கள் கட்டடத்தின் வரைபடங்கள் கிடைத்தாலும் அவற்றில் காற்றுச் சுமைக்கு மேல் பக்கவிசை (பக்கவாட்டில் தள்ளும் விசை) எதையும் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள். அது அந்தப் பொறியியலாளரின் குறையன்று.

வீட்டையோ கடையையோ திருத்துவதற்கும் வைத்தியசாலையைத் திருத்துவதற்கும் நோக்கத்திலேயே வேறுபாடு உண்டு. வீடு இடிந்து விழாமல் ஆட்கள் வெளியே வர விட்டால் போதும். பிறகு அதை இடித்துக் கட்டலாம். வைத்தியசாலையோ அதிர்ச்சி நின்ற அடுத்த மணித்தியாலத்திலேயே காயப்பட்டவர்களை ஏற்க வேண்டும். கலிபோர்னியாவின் ஒலிவ் வியூ வைத்தியசாலை இதை இரண்டு முறை காட்டியிருக்கிறது. 1971 பெப்ரவரி 9 அன்று சான் பெர்னாண்டோ அதிர்ச்சி வந்தபோது அதன் ஐந்து தளப் பிரதான கட்டடம் புத்தம் புதிது. அது முற்றாக விழவில்லை. கீழ்த்தளம் ஒரு அடிக்கு மேல் பக்கவாட்டில் சாய்ந்து நின்றது, மாடிப்படிக் கோபுரங்கள் கட்டடத்தை விட்டுப் பிரிந்து சரிந்தன, அம்புலன்ஸ் தரிப்பிடத்தின் கூரை வாகனங்களின் மேல் இறங்கியது. அங்கு இறந்த மூவருள் இருவர் இடிபாட்டில் சிக்கியவர்கள் அல்லர். மின்சாரம் நின்று, மாற்று மின்பிறப்பாக்கியும் இயங்காமல், உயிர்காப்பு இயந்திரங்கள் ஓய்ந்ததால் இறந்தவர்கள். அந்தக் கட்டடத்தை இடித்து, உருக்குத் தகட்டுச் சுவர்களும் கொங்கிறீற்றுச் சுவர்களும் கொண்டு மிக உறுதியாக மீளக் கட்டினார்கள். 1994 ஜனவரியில் நோர்த்றிட்ஜ் அதிர்ச்சி அதே இடத்தைத் தாக்கியது. தரையில் புவியீர்ப்பின் 0.9 மடங்கும் கூரையில் 2.3 மடங்கும் ஆர்முடுகல் பதிவாகியும் சட்டகத்துக்குச் சொல்லத்தக்க சேதம் இல்லை. ஆனாலும் தீயணைப்புக் குழாய்களும் குளிர்நீர்க் குழாய்களும் உடைந்து விடுதிகளுக்குள் வெள்ளம் பாய, நோயாளரை வெளியேற்ற வேண்டியதாயிற்று. தூணைப் பற்றிப் பேசும் அதே அக்கறையோடு குழாயைப் பற்றியும் கீழே பேசுவதற்கு இதுவே காரணம்.

இப்போது உங்கள் கட்டடத்துக்கு வருவோம். அதன் மிகப் பெரிய பலவீனம் நீங்கள் வசதியாகக் கருதும் அந்தத் திறந்த முன்பாதிதான். மேல் தளங்களில் தூண்களுக்கிடையே சீமெந்துக் கல் சுவர்கள் நிறைந்திருப்பதால் அவை விறைப்பாக நின்று ஒரே பெட்டிபோல அசையும். கீழே வெறும் தூண்கள் மட்டும் இருப்பதால் வளைய வேண்டியது முழுவதும் அவற்றின் தலையிலும் அடியிலும் குவியும். ஒரு தளத்தின் பக்கவிறைப்பு அதற்கு மேலுள்ள தளத்தினதில் 70 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தாலே நியமங்கள் அதை மென்தளம் என்கின்றன. உங்கள் படங்களைப் பார்த்தால் அந்த அளவுக்கும் மிகக் கீழே இருக்கும் என்றே தோன்றுகிறது. திறந்த பகுதி முன்னாலும் சுவர் நிறைந்த பகுதி பின்னாலும் இருப்பதால் கட்டடம் பக்கவாட்டில் அசைவதோடு திருகவும் செய்யும். அந்தத் திருகலில் முன்மூலைத் தூண்கள்தான் முதலில் அகப்படும்.

ஒலிவ் வியூவில் கவனிக்கத்தக்க இன்னொரு விடயம் உண்டு. நெருக்கமான சுருள் கம்பியால் சுற்றப்பட்ட தூண்கள் மேற்பூச்சுக் கொங்கிறீற்று முழுவதும் உதிர்ந்த பின்னும், அவ்வளவு சாய்ந்த நிலையிலும், மேலுள்ள பாரத்தைத் தாங்கி நின்றன. அகன்ற இடைவெளியில் சாதாரண சுற்றுக்கம்பி இட்ட மூலைத் தூண்கள் நொறுங்கிப்போயின. ஒரே கட்டடம், ஒரே கொங்கிறீற்று. வேறுபட்டது சுற்றுக்கம்பி மட்டும்.

எனவே முதற்செலவு வடிவமைப்புக்கு அன்று, ஆய்வுக்கு. கீழ்த்தளத் தூண்களில் தெரிவுசெய்த சிலவற்றின் அடியிலும் தலையிலும் பூச்சையும் மூடுகொங்கிறீற்றையும் (கம்பியை வெளிப்புறத்தில் மூடியிருக்கும் கொங்கிறீற்று) கவனமாகக் கொத்தி அகற்றிப் பாருங்கள். அக்காலத்து வேலைகளில் பொதுவாகக் காணப்படுவது இது: 6 மில்லிமீற்றர்ச் சுற்றுக்கம்பி, 200 முதல் 250 மில்லிமீற்றர் இடைவெளியில், அதன் முனைகள் 90 பாகையில் மடித்து மூடுகொங்கிறீற்றுக்குள் விடப்பட்டிருக்கும், தூணும் பீமும் சந்திக்கும் மூட்டில் சுற்றுக்கம்பியே இருக்காது, ஏனெனில் அங்கே கம்பி கட்டுவது மேசனுக்குத் தொல்லை. மூடுகொங்கிறீற்று உதிர்ந்ததும் 90 பாகைக் கொக்கி அவிழ்ந்துவிடும். முனை 135 பாகையில் உள்நோக்கி மடிந்திருந்தால்தான் அது தூணின் நடுப்பகுதியைப் பிடித்து வைத்திருக்கும். அத்துடன் கம்பி துருவேறி மெலிந்திருக்கிறதா என்பதையும் அளந்து குறிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கென்றே உள்ள சில சந்தேகங்களையும் இங்கே தீர்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் பின்பகுதி பொருளாதாரத் தடைக் காலத்தில் எழுந்ததாயின், காங்கேசன்துறை ஆலை 1990இல் மூடப்பட்டு, சீமெந்தும் கம்பியும் குடாநாட்டுக்குள் வரத் தடையிருந்த நாட்களில் என்ன கிடைத்ததோ அதைக்கொண்டு கட்டியிருப்பார்கள். இடிந்த கட்டடங்களிலிருந்து எடுத்து நிமிர்த்திய கம்பிகளும் அக்காலத்தில் புதுக் கட்டடங்களுக்குள் போயிருக்கின்றன. கடற்கரை மணல், உவர்ப்பான கிணற்று நீர், உப்புக்காற்று மூன்றும் கம்பியைத் துருவேற்றும் குளோரைட்டைக் கொங்கிறீற்றுக்குள் கொண்டுவருபவை. ஷெல் பட்ட இடங்களைச் சாந்தால் அடைத்து மேலே பூசிவிட்ட தூண்களை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. சுத்தியலால் தட்டி ஒலியைக் கேட்டே சந்தேக இடங்களைக் குறிக்க வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் கொங்கிறீற்று உருளை மாதிரிகளை வெட்டியெடுத்து நெருக்கல் வலிமையையும் குளோரைட் அளவையும் பரிசோதிக்காமல் எந்தப் பொறியியலாளராவது வடிவமைப்பைத் தந்தால் அதை ஏற்க வேண்டாம்.

விசை எவ்வளவு என்பதைப் பருமட்டாகச் சொல்கிறேன். தளமொன்றுக்கு 400 சதுர மீற்றர் என்று எழுதியிருக்கிறீர்கள். சதுர மீற்றருக்கு 1.2 தொன் என்று கொண்டால் மூன்று மட்டங்களுக்கு 1440 தொன். ஐ.எஸ். 1893 என்ற இந்திய நியமத்தின் 2016 பதிப்பின்படி மூன்றாம் வலயத்துக்குரிய வலயக் காரணியான 0.16ஐ எடுத்து, வைத்தியசாலைகளுக்குரிய 1.5 என்ற முக்கியத்துவக் காரணியையும் சாதாரண சட்டகத்துக்குரிய 3 என்ற குறைப்புக் காரணியையும் பிரயோகித்தால், தாழ்ந்த கட்டடத்துக்குரிய 2.5 என்ற குணகத்தோடு (0.16 ÷ 2 × 2.5 × 1.5 ÷ 3) நிறையின் 10 சதவீதம் பக்கவிசையாக வரும். அதாவது 144 தொன். இதோடு ஒரு தளம் கூட்டினால் பக்கவிசை மூன்றிலொரு பங்கால் உயர்ந்து 192 தொன் ஆகும். ஆனால் கூடும் நிறை உச்சியில் இருப்பதால் தள உயரம் 3.5 மீற்றர், விசை உயரத்துக்கு நேர்விகிதமாகக் கூடுகிறது என்று கொண்டால், கட்டடத்தைக் கவிழ்க்க முயலும் திருப்பம் ஏறத்தாழ 1180 தொன்-மீற்றரிலிருந்து 2000ஐ தாண்டும். கிட்டத்தட்ட 70 சதவீத அதிகரிப்பு. 'ஒரு தளம்தானே' என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இந்த விசையைத் தாங்கச் செய்வதற்கு நான் பரிந்துரைக்கும் வழி, அத்திவாரத்திலிருந்து மேல்தளம் வரை இடைவிடாது போகும் புதிய கொங்கிறீற்று வெட்டுச்சுவர்கள், அதாவது பக்கவிசையைத் தாங்குவதற்கென்றே கட்டும் சுவர்கள். ஒவ்வொரு திசைக்கும் இரண்டாக, கட்டடத்தின் வெளிவிளிம்புகளில், ஒன்றுக்கொன்று எதிரெதிராக அமைக்க வேண்டும். அம்புலன்ஸ் நுழைவாயிலின் இருபுறமும் உள்ள தூண் இடைவெளிகள் இதற்கு ஏற்றவை. வாகனம் நடுவால் போகலாம், திருகலும் குறையும். 4 மீற்றர் நீளமும் 200 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட இரண்டு சுவர்கள் 144 தொன்னையும் பகிர்ந்தால் வெட்டுத்தகைப்பு சதுர மில்லிமீற்றருக்கு 1 நியூற்றனுக்கும் குறைவு. சுவருக்கு அது பாரமே இல்லை. சிக்கல் அதன் அடியில் இருக்கிறது: ஒவ்வொரு சுவரின் ஒரு முனை சுமார் 150 தொன்னால் கீழே அழுத்த, மறுமுனை ஏறத்தாழ அதே அளவால் மேலெழும்ப முயலும். மேலேயுள்ள நிலைச்சுமை (கட்டடத்தின் சொந்த நிறை) அதில் ஒரு பகுதியையே ஈடுசெய்யும்.

எங்கள் நிலம் இங்கே உதவியும் செய்யும், ஏமாற்றவும் செய்யும். குடாநாட்டின் பெரும்பகுதியில் மெல்லிய மண்ணுக்குக் கீழே மயோசீன் காலச் சுண்ணக்கல் கிடக்கிறது. மென்சேற்று நிலங்களில் அதிர்வு பெருகுவதுபோல அதன்மேல் பெருகாது. 1985இல் மெக்சிக்கோ நகரத்தைச் சிதைத்தது பழைய ஏரிப்படுகையின் மென்களிமண்தான். ஆனால் அந்தச் சுண்ணக்கல் மழைநீரால் கரைந்து உள்ளே குகைகளும் பொந்துகளும் கொண்டது என்பதை நிலாவரைக் கிணற்றையும் கீரிமலைக் கேணியையும் பார்த்து வளர்ந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 150 தொன் அழுத்தம் விழும் புள்ளிக்கு இரண்டு மீற்றர் கீழே பொந்து இருந்தால் என்ன ஆகும்? ஆகவே ஒவ்வொரு புதிய சுவரின் இரு முனைகளிலும் துளையிட்டுப் பார்க்காமல் அத்திவாரம் வெட்டக் கூடாது. பொந்து அகப்பட்டால் சாந்து செலுத்தி அடைக்க வேண்டும் அல்லது சுவரை அடுத்த இடைவெளிக்கு நகர்த்த வேண்டும். மேலெழும் முனையைப் பாறைக்குள் இறக்கிய நுண்பைல்களாலோ (துளையிட்டு இறக்கும் ஒடுங்கிய அத்திவாரத் தூண்கள்) நங்கூரக் கம்பிகளாலோ பிடிக்கலாம். முழுத்திட்டத்திலும் அதிக நேரமும் நிபுணத்துவமும் தேவைப்படும் பகுதி இதுவே. ஒப்பந்தகாரர் 'பாறைதானே, பயமில்லை' என்று சொல்லும்போது நம்பிவிட வேண்டாம்.

சுவர் வந்த பின்னும் கீழ்த்தளத் தூண்களை அப்படியே விட முடியாது. கட்டடம் அசையும்போது அவையும் கூட அசைந்துகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டும். பழைய மேற்பரப்பைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, பக்கத்துக்குக் குறைந்தது 100 மில்லிமீற்றர் புதிய கொங்கிறீற்று உறை போட்டு, அதற்குள் 100 மில்லிமீற்றருக்கு மேற்படாத இடைவெளியில் 135 பாகைக் கொக்கியுடன் சுற்றுக்கம்பி இடுவது நம்மூர் மேசன்மார் செய்யக்கூடிய வேலை. நெடுக்குக் கம்பிகள் சிலாப்பைத் துளைத்து மேல்தளத்துக்குள்ளும் போக வேண்டும். சிலாப்புக்குக் கீழேயே நிறுத்திவிட்டால் தூண் பருத்துத் தெரியும், மூட்டோ பழைய பலவீனத்தோடே இருக்கும். இடம் இல்லாத ஒடுங்கிய நடைவழிகளில் கார்பன் இழைத்துணியைப் பசையால் சுற்றி ஒட்டலாம். ஆனால் துருவேறிய தூணை அப்படியே சுற்றி மூடினால் உள்ளே அரிப்பு தொடரும். முதலில் துருவை அகற்ற வேண்டும்.

றப்பர் தாங்கிகளைப் பற்றி உங்கள் குழுவில் ஆர்வம் இருப்பது தெரிகிறது. அவை அற்புதமாக வேலை செய்பவை என்பதில் எனக்கு ஐயமில்லை. 1994இன் அதே நோர்த்றிட்ஜ் அதிர்ச்சியில் லொஸ் ஏஞ்சலிஸ் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக வைத்தியசாலையின் அருகே தரையில் புவியீர்ப்பின் 0.49 மடங்கு பதிவானபோது, தாங்கிகளின் மேல் நின்ற கட்டடத்தின் கூரையில் 0.21 மடங்குதான் பதிவாயிற்று. வைத்தியசாலை தொடர்ந்து இயங்கியது. 2001 ஜனவரி 26 அதிர்ச்சியில் குஜராத்தின் புஜ் நகரின் பொது மருத்துவமனை இடிந்து விழுந்த பின் எழுப்பிய புதிய கட்டடமும் ஈயம்-றப்பர் தாங்கிகளின் மேல்தான் நிற்கிறது. ஆனால் நிற்கும் கட்டடத்தில் அவற்றைப் பொருத்துவதென்றால் ஒவ்வொரு தூணையும் ஜாக்கியில் தாங்கி அறுத்து இடையே செருக வேண்டும். தூண்களை இணைக்கக் கீழும் மேலும் புதிய பீம்தளம் வேண்டும். கட்டடம் தடையின்றி நகரச் சுற்றிவரப் பல நூறு மில்லிமீற்றர் அகல அகழி வேண்டும். அதைக் கடக்கும் ஒவ்வொரு குழாயும் வயரும் வளைந்துகொடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்தின் அதிர்வு மட்டத்துக்கு இந்தச் செலவு பொருந்தாது. அந்தப் பணத்தில் மாவட்டத்தின் வேறு சில வைத்தியசாலைகளையும் சுவரும் தூணுறையும் கொண்டு திருத்திவிடலாம்.

இரண்டு சிறிய விடயங்கள் உங்கள் படங்களில் கண்ணில் பட்டன. பழைய பகுதிக்கும் பின்பகுதிக்கும் இடையில் 25 மில்லிமீற்றர் அளவில் ஒரு இடைவெளி, பலகையால் அடைத்தபடி இருக்கிறது. மூன்று மாடி உயரத்தில் இரண்டும் எதிரெதிராக அசைந்தால் அது போதாது. அங்கே தளமட்டங்களும் ஒன்றாக இல்லாததால் ஒரு பகுதியின் சிலாப் மற்றதன் தூணின் நடுவில் மோதும். கணக்குப் பார்த்து இரண்டையும் ஒன்றாக இணைப்பதா, இடைவெளியை அகட்டுவதா என்று தீர்மானிக்க வேண்டும். என் சாய்வு இணைப்பதன் பக்கம். மற்றது, விடுதிகளின் வெளிப்புறத் தூண்களுக்கிடையே யன்னல் அடிமட்டம் வரை மட்டும் எழும் அரைச்சுவர்கள். அவை தூணின் கீழ்ப்பாதியை அசையவிடாமல் பிடிப்பதால் முழு வளைவும் மேலேயுள்ள குறுகிய துண்டில் வந்து விழுந்து, அங்கே மூலைவிட்டமாக வெடித்து உடையும். சுவரைத் தூணிலிருந்து சிறு இடைவெளி விட்டு அறுத்து, மென்பொருளால் நிரப்பி, சுவர் வெளியே சாயாமல் கோணக்கம்பியால் பிடித்தால் போதும். மலிவான வேலை.

அசைவின் எல்லையையும் சொல்ல வேண்டும். மேற்சொன்ன இந்திய நியமம் தள உயரத்தின் 0.004 மடங்கை அனுமதிக்கிறது, 3.5 மீற்றர்த் தளத்துக்கு 14 மில்லிமீற்றர். அவ்வளவு அசைவில் சுவர்ப் பூச்சு வெடிக்கும், கதவு இறுகும், குழாய் மூட்டு கசியும். ஆகவே ஒட்சிசன் குழாய்கள் கட்டட இணைப்பைக் கடக்கும் இடங்களில் வளையும் இணைப்புத் துண்டுகள் வேண்டும். ஒட்சிசன் உருளைகளை மேலும் கீழும் இரண்டு சங்கிலிகளால் சுவரோடு கட்டுங்கள். ஒரு சங்கிலி போதாது, அடிப்பாகம் வழுக்கி வெளியே வரும். மின்பிறப்பாக்கியைத் தளத்தில் போல்ட் போட்டால் மட்டும் போதாது: அதைத் தொடக்கும் பற்றரிகள் பெரும்பாலும் வெறும் இரும்புத் தட்டில் கட்டின்றி இருக்கும், அவை விழுந்தால் மின்பிறப்பாக்கி இருந்தும் பயனில்லை. எரிபொருள் தாங்கிக்கும் இதே கவனம் வேண்டும். கூரையில் வரிசையாக வைத்திருக்கும் 1000 லீற்றர் நீர்த்தாங்கிகள் ஒவ்வொன்றும் நிரம்பினால் ஒரு தொன். அவற்றைக் கட்டில்லாத செங்கல் மேடையிலிருந்து இறக்கி, தளத்தோடு பிணைத்த உருக்குச் சட்டத்தில் வையுங்கள். மருந்தக அலுமாரிகள், இரத்த வங்கிக் குளிர்பெட்டிகள், ஆய்வுகூட இராக்கைகள் அனைத்தும் சுவரில் பிணைக்கப்பட வேண்டும். இவற்றில் பெரும்பகுதியை உங்கள் பராமரிப்பு ஊழியர்களே சில வாரங்களில் முடிக்கலாம். பொறியியலாளரின் அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

நோயாளரை வைத்துக்கொண்டு வேலை செய்வது பற்றி: வெளிவிளிம்பில் சுவர் கட்டுவதைப் பரிந்துரைத்ததற்கு இதுவும் ஒரு காரணம், வேலையின் பெரும்பகுதி வெளியிலிருந்தே நடக்கும். உள்ளே ஒரு நேரத்தில் ஒரு விடுதி மட்டும் காலியாக வேண்டும். கொங்கிறீற்றைக் கொத்தும் தூசியில் பூஞ்சண வித்துகள் பறக்கும். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்களுக்கும் சிறுநீரகம் மாற்றியவர்களுக்கும் அது உயிராபத்தான நுரையீரல் தொற்றைத் தரலாம். ஆகவே வேலைப்பகுதியைத் தரையிலிருந்து சிலாப் வரை தடித்த பொலித்தீனால் அடைத்து, காற்று விடுதிகளின் பக்கம் போகாமல் கட்டடத்துக்கு வெளியே போகும்படி மின்விசிறி வைக்க வேண்டும். சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு அருகில் துளையிடும் நேரங்களைத் தாதிய மேற்பார்வையாளரோடு வாராவாரம் பேசித் தீர்மானிப்பது நல்லது. தூண் உறைகளை ஒன்றுவிட்டு ஒன்றாகச் செய்யுங்கள். அடுத்தடுத்த இரண்டு தூண்களை ஒரே நேரத்தில் கொத்தித் திறப்பது, முட்டுக்கொடுத்திருந்தாலும், தவறு.

நான்காவது தளத்துக்காகச் சேர்த்த நிதி உங்களிடம் இருக்கிறது. ஆய்வு, நான்கு சுவர்கள், கீழ்த்தளத் தூணுறைகள், இரு பகுதிகளின் இணைப்பு ஆகியவற்றுக்கு அதை முதலில் ஒதுக்கி, கூடுதல் படுக்கைகள் வேண்டுமானால் வளவின் பின்புறத்தில் இரண்டு தளத் தனிக்கட்டடமாக, தொடக்கத்திலிருந்தே பூமியதிர்ச்சிக்கேற்ற கம்பி விபரத்தோடு கட்டுங்கள். பழைய கட்டடத்தின் மேல் கட்டுவதை நியாயப்படுத்தும் ஆய்வு முடிவு வந்தால் அதை மறுபரிசீலனை செய்யலாம். உருளை மாதிரிகளின் முடிவு கையில் கிடைக்கும்வரை எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட வேண்டாம்.